போட்டோவுக்கு அசையாமல் நின்றவர்கள்

இரண்டு வருடத்துக்கு முன், வைகாசி வெயிலில் நடந்தது இது. கறம்பக்குடிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்க் குளத்தில் நூறு நாள் வேலை. காலையிலும் மதியத்துக்கு மேலும் எங்களை வரிசையாக நிற்க வைத்து செல்போனில் படம் எடுப்பார்கள். படத்தில் முகம் இல்லாவிட்டால் அன்றைக்கு வேலை பார்த்ததாகவே கணக்கில்லை.

படம் எடுக்கப் பொறுப்பாளர் பெண் ஒருத்தி இருந்தாள். ஆனால் எங்களை நிறுத்தி வைப்பது ஊராட்சித் தலைவியின் வீட்டுக்காரர். பதவி அந்த அம்மாவுக்கு, அதிகாரம் இவருக்கு. "இங்கிட்டு தள்ளி நில்லும்மா, மொகம் தெரியல" என்று தோளைத் தொடுவார். கை அங்கேயே நிற்காது, இடுப்புக்கு இறங்கும். அசைந்தால் படம் கெட்டுப்போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நிற்போம். சோறு தின்னும்போது அவரைத் திட்டித் தீர்ப்போம். பூனைக்கு மணி கட்டத்தான் ஆளில்லை.

அன்றைக்கு எனக்கு முன்னால், புதிதாகக் கல்யாணமாகி வந்த பெண் நின்றாள். அவர் கை பட்டதும் அவள் முந்தானையை இழுத்து இடுப்பை மூடினாள். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்தான். "கைய எடுங்க! எங்களுக்கு நிக்கத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன்.

அவர் சிரித்தார். "என்னத்தா, வெயிலு தலைக்கேறிருச்சா?"

அடுத்த வாரம் வேலைக்குப் போனால், "ஒங்க பேரு லிஸ்டுல வரலக்கா" என்று பொறுப்பாளர் பெண் தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

புதுக்கோட்டைக்குப் போய் கலெக்டர் ஆபீசில் மனு கொடுப்பது என்று முடிவு செய்தேன். கூட வருகிறேன் என்று சொன்ன யாரும் பஸ் ஸ்டாப்புக்கு வரவில்லை. தனியாகத்தான் போனேன்.

விசாரிக்க ஒரு அதிகாரி வந்தார். விசாரணை நடந்த இடம் எது தெரியுமா? அந்த மனுஷன் வீட்டுக் கூடம். அதிகாரிக்குப் பக்கத்து நாற்காலியில் அவரே உட்கார்ந்திருந்தார். டீ கொடுத்தது தலைவியம்மா. ஒவ்வொருத்தராகக் கூப்பிட்டுக் கேட்டால் யார் என்ன சொல்வார்கள்?

"அப்புடியெல்லாம் ஒண்ணுமில்லைங்க சார்." எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். அந்தப் புதுப்பெண்ணும் சொன்னாள். அவள் மாமியார் அவள் கையைப் பிடித்தபடியே நின்றார். மனு அதோடு முடிந்துபோனது.

அதன்பிறகு தண்ணீர்க் குழாயில்கூட யாரும் என்னோடு பேசுவதில்லை. எங்கே பேசினால் தங்கள் பேரும் வராமல் போகுமோ என்ற பயம். இப்போது முந்திரிக்கொட்டை உடைக்கப் போகிறேன். கையெல்லாம் கொட்டையின் பால் பட்டுப் புண்ணாகிக் கிடக்கிறது.

போன மாசியில் குளத்தங்கரை வழியாக வந்தேன். படம் எடுக்கும் நேரம். பெண்கள் வரிசையாக நின்றார்கள். எல்லோர் இடுப்பிலும் மண் அள்ளும் சட்டி. ஒருத்தி சட்டி அடுத்தவள் சட்டியை இடிக்கிற மாதிரி, நடுவில் ஒரு கை நுழைய இடமில்லாமல் நின்றார்கள். அந்த மனுஷன் தூரத்தில் பைக்கில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரும் என்னைக் கூப்பிடவில்லை. அன்றைக்குப் புதுப்பெண்ணாக இருந்தவள் மட்டும் ஒருமுறை என்னைப் பார்த்தாள். பிறகு சட்டியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

வீடு வரைக்கும் அழுதுகொண்டே போனேன். அந்த வரிசையில் எனக்கு இன்றைக்கும் இடமில்லை. ஆனால் வாய் திறக்காமல் நிற்கிற ஒரு பெண்ணைக் கோழை என்று சொல்ல, இவ்வளவு நீள வாய் இருந்தும் எனக்கு இப்போது வார்த்தை வருவதில்லை.