சக்கரை தூக்கலா ஒரு டீ

டீக்கடைக்காரிக்கு ஆள் முகம் மறந்தாலும் அவர் கேட்கிற டீ மறக்காது. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி டீ ஆத்துகிறேன். என் வீட்டுக்காரர் கொத்து வேலைக்குப் போவார், கூலி வாங்கின கையோடு ஒயின் ஷாப்புக்கும் போவார். அவருக்கு டீயில் சக்கரை பட்டாலே குமட்டும். இப்படி ஒருத்தரை வீட்டில் வைத்துக்கொண்டு, கடையில் சிரித்த முகமாக நிற்கிறவர்கள் நிறைய பேர் இருப்பீர்கள். உங்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன்.

என்ன கூட்டம் இது?

என் கடைக்கு எதிரில் உரக்கடை. ஞாயிற்றுக்கிழமை அதற்கு லீவு. ஆனால் சாயங்காலமானால் மாடி ரூமில் மட்டும் லைட் எரியும். திருமுக்கூடல் பக்கமிருந்து ஒருத்தர், சாலவாக்கம் பக்கமிருந்து ரெண்டு பேர் என்று வந்து சேருவார்கள். டீ குடித்துவிட்டு மேலே ஏறுவார்கள். அத்தனை பேரும் சொல்லிவைத்த மாதிரி, "சக்கர தூக்கலா" என்பார்கள். முதலில் பிளாட் விற்கிற கூட்டம் என்று நினைத்தேன். அப்புறம், சீட்டுக் கம்பெனியோ என்று பயந்தேன்.

பொறுக்க முடியாமல், அவர்களில் பெரியவரான ரிட்டயர்டு கண்டக்டரிடம் கேட்டேவிட்டேன். "குடிய வுட்டா நாக்கு இனிப்பு கேக்கும்மா. மேல போறவன் எல்லாம் வுட்டவன், இல்லாட்டி வுடப் பாக்கறவன்" என்றார். எனக்கு ஆத்துகிற கை அப்படியே நின்றுவிட்டது. எங்க வூட்டுக்காரரையும் இட்டுக்கினு போங்களேன் என்றேன். கிளாஸை வைத்துவிட்டுச் சொன்னார்: "நாங்க யாரையும் இஸ்துக்கினு போவ மாட்டோம்மா. அவரா படி ஏறணும்."

வழி கேட்டவர்

ஒரு ஞாயிறு, புது ஆள் ஒருத்தர் டீ வாங்கிக் குடித்தார். போகவில்லை. இன்னொரு டீ வாங்கினார், பன் வாங்கினார். பஸ் ஒவ்வொன்றாக வந்து நின்று போனது, எதிலும் ஏறவில்லை. "யாருக்குன்னா காத்துக்கினு கீறீங்களா?" என்றேன். "இல்லக்கா, இங்க ஒரு ரூம்பு கீதுன்னு சொன்னாங்க" என்று இழுத்தார். சொன்னது யாரென்றால், ஒயின் ஷாப் வாசலில் சுண்டல் விற்கிறவராம்.

கரண்டியால் மாடிப்படியைக் காட்டினேன். ரோட்டைத் தாண்டப் போனவர் திரும்பி வந்து மெதுவாகச் சொன்னார்: "ஒயின் ஷாப்பு எங்கன்னு நடு ரோட்டுல நின்னு கேட்டவன்க்கா நானு. இதக் கேக்க வெக்கமா கீது."

தேடி வந்தவள்

இன்னொரு வாரம் ஒரு பெண் கடை ஓரமாக நின்று மாடியையே முறைத்துக்கொண்டிருந்தாள். அவள் புருஷன் ஞாயிறானால் குளித்து, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுகிறாராம். தள்ளாடாமல் வேறு திரும்பி வருகிறாராம். எவளோ ஒருத்தி இருக்கிறாள் என்று முடிவே கட்டிவிட்டாள். எனக்கு வாய் துறுதுறுத்தது. ஆனால் மேலே போகிறவர் யார் என்று வெளியில் சொல்லக் கூடாது என்று கண்டக்டர் சொல்லியிருந்தார். டீயைக் கொடுத்து உட்கார வைத்தேன்.

கூட்டம் முடிந்து எல்லாரும் இறங்கினார்கள். ஒவ்வொரு தலையாகப் பார்த்தாள், அத்தனையும் மீசை. புருஷனே அவளைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னார். கிளாஸைத் திருப்பித் தர வந்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "குடிக்கறப்ப எங்க வுழுந்து கெடப்பாருன்னு தெரியும்க்கா, போயி தூக்கியாருவேன். குடிக்காத ஆள எங்கன்னு போயி தேடறது?"

மேலேயும் கீழேயும்

கூட்டத்துக்கு நடுவில் மேலே டீ கொண்டுபோய்க் கொடுப்பேன். அங்கே ஒரு நிலக்காரரும், அவர் நிலத்தில் கூலி வேலை செய்கிறவரும் பக்கத்துப் பக்கத்து பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார்கள். நிலக்காரர் அழுகிறார், கூலிக்காரர் அவர் முதுகைத் தட்டிக் கொடுக்கிறார். கண்ணை நம்ப முடியவில்லை.

கீழே வந்ததும் நிலக்காரர் என் பெஞ்சில் உட்கார்ந்தார். கூலிக்காரர் தண்ணி டிரம் பக்கம் நின்றே குடித்தார். "மேல ஒட்டிக்கினு குந்தினு இருந்தீங்களே, இப்ப இன்னா ஆச்சு?" என்று அவரிடம் கேட்டேன். சிரித்துக்கொண்டே சொன்னார்: "மேல அவரும் குடிகாரரு, நானும் குடிகாரன். கீழ எறங்கிட்டா அவருக்கு நெலம் கீதுக்கா."

முட்டி வலி

அப்புறம் எனக்கு முட்டி வலி வந்தது. பாதி நிஜம். கடையில் சும்மா குந்தியிருந்த வீட்டுக்காரரிடம் டீத் தூக்கைக் கொடுத்து, மேலே குடுத்துட்டு வாய்யா என்றேன். முதல் தடவை, போன வேகத்தில் திரும்பினார். "வாசப்படியிலயே வெச்சிட்டேன். உள்ள ஒருத்தன் அழுதுக்கினு கீறான்" என்றார். அடுத்த வாரம் உள்ளே போய் ஊற்றிக் கொடுத்தாராம். அதற்கடுத்த வாரம் வர ரொம்ப நேரமானது. ஏன் லேட்டு என்றால், "கிளாஸு காலியானாத்தான எடுத்துக்கினு வர முடியும்" என்று எரிந்து விழுந்தார்.

போன ஞாயிறு காலையிலிருந்தே அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அன்றைக்கு ஒயின் ஷாப் பக்கம் போகவில்லை என்று புரிந்துவிட்டது. தூக்கை எடுத்துக்கொண்டு மாடிப்படி வரைக்கும் போனவர், ரோட்டைத் தாண்டித் திரும்பி வந்தார். என்னைப் பார்க்காமல், பாய்லரைப் பார்த்துச் சொன்னார்: "இன்னொரு கிளாஸ் குடுடி, எனக்கு. சக்கர தூக்கலா போடு."

வருகிற ஞாயிறு தூக்கு இல்லாமல், அவராகப் படி ஏறுவாரா மாட்டாரா என்று எனக்குத் தெரியாது, சக்கரை மட்டும் கூட ஒரு கிலோ வாங்கி வைத்திருக்கிறேன்.