ஏணிக்காரர் இரவல் கேட்ட கதை

அந்தக் குடியிருப்பில் ஏணிக்காரரிடம் உதவி பெறாத வீடே கிடையாது. அதனால்தானோ என்னவோ, அவரோடு நின்று பேசுகிற வீடும் கிடையாது.

தொழிற்சாலை ஒன்றில் பராமரிப்புப் பிரிவு ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டின் பின்னறையில் ஒரு சின்னப் பட்டறையே வைத்திருந்தார். மடக்கு ஏணி, சுத்தியல், குறடு, மட்டம் பார்க்கும் ரசமட்டம், கடப்பாரை என்று எல்லாம் உண்டு. ஒவ்வொன்றின் கைப்பிடியிலும் பச்சை பெயிண்டில் ஒரு வளையம். கேட்டவர்களுக்குக் கொடுப்பார். கேட்காதவர்களுக்கும் கொண்டுபோய்க் கொடுப்பார். திருப்பிக் கேட்பது மட்டும் கௌரவக் குறைச்சல். யார் வீட்டிலிருந்தாவது ஒரு கிண்ணத்தில் ஏதாவது வந்தால், கிண்ணம் ஆறுவதற்குள் அதைவிடப் பெரிய பாத்திரத்தில் பதில் மரியாதை போய்விடும்.

"யார்கிட்டயும் ஒரு தீப்பெட்டி கேட்டு நின்னதில்ல நான்" என்பது அவருடைய நிரந்தரப் பெருமை. வேறு ஆள் அகப்படாததால் அதை மனைவியிடமே சொல்லிக்கொண்டிருந்தார்.

மாடிப்படியில் அவர் தலை தெரிந்தால் போதும், ஆளாளுக்கு அவசர வேலை வந்துவிடும். இரண்டாம் மாடி டீச்சர் ஒருமுறை கைபேசியைக் காதில் அழுத்தி, "ஆமா, ஆமா" என்று மும்முரமாகப் பேசியபடியே அவரைக் கடந்து போனார். நாலு படி இறங்குவதற்குள் அந்தக் கைபேசியே மணியடித்தது. 'பாவம், வேலை ஜாஸ்தி' என்று ஏணிக்காரர் இரக்கப்பட்டார்.

இப்படியிருக்கையில் வெளியூரில் இருந்த மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கியது. போகவேண்டிய மனைவி பெட்டியை அடுக்கி, மூடி, அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.

"நான் போகல."

"ஏன்?"

"போன மாசம் சர்க்கரை இறங்கி சமையலறையில சாஞ்சீங்க. நான் இருந்தேன், வாயில குளுக்கோஸைப் போட்டேன். நான் இல்லாதப்ப யார் போடுவா, உங்க ஏணியா? நம்ம சாவிய வச்சுக்கிட்டு, காலையில வந்து தட்டிப் பாக்க ஒரு வீடு சொல்லுங்க. போறேன்."

"ஒரு வீடா? இங்க நான் செய்யாத வீடு எது?"

"அதான் ஒருத்தரும் இந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்கறதில்ல."

ரோஷத்தோடு மாற்றுச் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார் ஏணிக்காரர். டீச்சர் கதவைத் திறந்தார்; முகம் வெளுத்தது. "அண்ணே, நானே கொண்டு வந்து தரணும்னுதான் இருந்தேன், தப்பா எடுத்துக்காதீங்க." சுத்தியல் கைக்கு வந்தது, கதவு சாத்திக்கொண்டது. கீழ்த்தளத்துத் தையல்காரர் ஜன்னலிலேயே பார்த்துவிட்டு ரசமட்டத்தோடு வாசலுக்கு வந்தார். கூடவே, ஏணிக்காரரே மறந்துபோயிருந்த கடப்பாரை. மூன்றாவது வீட்டில் கதவே திறக்கவில்லை. திரும்பி நடந்தவர் பின்னால் ஏதோ சத்தம் கேட்டுப் பார்த்தால், கால்மிதி மேல் குறடு.

"சாவி கொடுக்கப் போனவரு கடப்பாரையோட வர்றீங்க" என்றார் மனைவி.

"வாயே திறக்க விடமாட்டேங்கறாங்க."

"கடன் கொடுத்தவன் வாசல்ல வந்து நின்னா, வா, உக்காருன்னா சொல்லுவாங்க?"

"நான் ஒரு தடவையாவது திருப்பிக் கேட்டிருக்கேனா?"

"கேட்டிருந்தா கொடுத்துட்டு நிம்மதியா இருந்திருப்பாங்க. நீங்க போய் யார்கிட்டயாவது எதையாவது இரவல் கேளுங்க. அப்பதான் உங்களையும் மனுஷன்னு நினைப்பாங்க."

இரவல் கேட்க, முதலில் இல்லாத பொருள் ஒன்று வேண்டும். பின்னறையைக் குடைந்து பார்த்ததில் டிரில்லிங் மெஷினை மட்டும் காணோம். யாரிடம் போனதென்று அவருக்கு நினைவில்லை. சரி, அதுவே இருக்கட்டும் என்று மேல் மாடியில் குடியிருக்கும் பேருந்து ஓட்டுநரிடம் போனார். இல்லையென்று சொன்னாலும் ஊரெல்லாம் தம்பட்டம் அடிக்காத ஆள்.

"தம்பி, டிரில்லிங் மெஷின் ஏதாவது இருக்குமா?" குரல் அவருக்கே அந்நியமாகக் கேட்டது.

"இருக்கே" என்று ஓட்டுநர் உள்ளே போய் எடுத்து வந்தார்.

கைப்பிடியில் பச்சை வளையம். ஏணிக்காரர் வளையத்தைப் பார்த்தார். ஓட்டுநரின் முகத்தைப் பார்த்தார். கொடுப்பவனின் பெருந்தன்மையைத் தவிர அதில் வேறொன்றும் இல்லை.

"நல்ல மெஷின் அண்ணே. மறக்காம திருப்பிக் கொடுத்துடுங்க. சில பேரு வாங்கிட்டுப் போனா அதோட சரி."

நாக்கு நுனிவரை வந்ததை ஏணிக்காரர் மென்று விழுங்கினார். "கண்டிப்பா தம்பி. பெரிய உபகாரம்."

"எங்க ஓட்டை போடணும்?"

அதை அவர் யோசித்து வைக்கவில்லை. "ஒரு பலகை மாட்டணும், சுவத்துல."

"அப்ப நானே வர்றேன். இது முரட்டு மெஷின், பழகின கை வேணும். உங்களுக்கு ஆகாது."

மெஷின்களோடு ஆயுசைக் கழித்த மனிதர் தலையாட்டினார்.

ஓட்டுநர் வளைவில் வண்டியைத் திருப்புவதுபோலத் தோளைச் சாய்த்துத் துளை போட்டார். இரண்டாவது துளை முதல் துளையைவிடக் கீழே இறங்குவது வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஏணிக்காரரின் கை தன்னிச்சையாக ரசமட்டத்தைத் தேடிப் போனது. மனைவியின் பார்வை அதைப் பாதியில் நிறுத்தியது. பலகை ஏறியது. ஒரு பக்கப் படியில் மட்டும் கூட்டம் தொங்கும் பேருந்தைப் போலச் சாய்ந்து நின்றது.

"எப்படி அண்ணே?"

"பிரமாதம்" என்றார். வேலை விஷயத்தில் அவர் சொன்ன முதல் பொய்.

ஓட்டுநர் நாற்காலியில் சாய்ந்து, தானாகவே டீ கேட்டு வாங்கிக் குடித்தார். மனைவி பேச்சோடு பேச்சாக ஊருக்குப் போகிற சங்கடத்தைச் சொன்னதும் கையை நீட்டினார். "சாவி எங்கிட்ட இருக்கட்டும்க்கா. டியூட்டிக்குப் போறப்ப தட்டிட்டுப் போறேன். நம்ம பலகை நிக்குதான்னும் பாக்கணும்ல. மெஷினை அப்புறமா மறக்காம கொடுத்துடுங்க."

மனைவி புறப்பட்டுப் போனார். ஓட்டுநர் தினமும் காலையில் வந்தார். முதலில் பலகையைப் பார்ப்பார், அப்புறம்தான் ஆளை. பலகையில் வைத்த கடிகாரம் மெல்ல மெல்லத் தாழ்ந்த பக்கத்துக்கு நகர்ந்துவிடும். ஏணிக்காரர் அதை மேலே ஏற்றி வைப்பாரே தவிர, பலகையைத் தொடவில்லை. ஏணிக்காரரே இரவல் கேட்டுப் போன செய்தி எப்படியோ பரவியதும் டீச்சர் நேரில் வந்து, பலகையைப் பார்த்து, கண்ணில் நீர் வரச் சிரித்தார். போகும்போது கூச்சமில்லாமல் சுத்தியலை மறுபடி வாங்கிக்கொண்டு போனார்.

பேத்தி பிறந்த செய்தியைச் சொல்ல மனைவி போன் செய்தார். குழந்தையின் எடை, மூக்கு, அழுகை எல்லாம் பேசி முடித்தபின், "மெஷின் எங்க இருக்கு?" என்று கேட்டார்.

"இன்னும் இங்கதான். இன்னிக்காவது கொண்டுபோய்க் கொடுத்துடணும்."

"ஏங்க, அது நம்ம மெஷினு."

"நம்மளோடதுதான்" என்றார் ஏணிக்காரர். "அதுக்காக, வாங்கினதைத் திருப்பிக் கொடுக்காம இருக்க முடியுமா?"