உள்பக்கத் தாழ்ப்பாள்

கேளம்பாக்கத்து அடுக்ககங்களுக்குத் தண்ணீர் கேன் போடும் கிருபாகரனை யாரும் குறை சொன்னதில்லை. அவன் ஒரு தப்புச் செய்துவிட்டால் என்ன நடக்கும் என்பது மனைவி பிரதீபாவுக்கு மட்டுமே தெரியும்.

கல்யாணமான புதிதில், வண்டியைப் பின்னால் எடுக்கும்போது ஒரு வீட்டு மதிலில் இடித்துவிட்டான். வீட்டுக்காரர் கோபப்படக்கூட இல்லை. மதியம் வீடு திரும்பிய கிருபாகரன் நேராகக் குளியலறைக்குள் போனான். வெகுநேரம் தண்ணீர்ச் சத்தமே இல்லை. விளக்கும் எரியவில்லை. பிரதீபா கதவைத் தட்டினாள். உள்ளிருந்து ஒரு சின்னப் பிள்ளையின் குரல் வந்தது.

"அழல நைனா. நான் அழல."

அவள் மறுபடி பலமாகத் தட்டினாள். "இன்னாய்யா பண்ற? வெளிய வா."

"கதவத் தொறந்தாத்தான வர முடியும்?"

"தாப்பா உன் பக்கந்தான கீது!"

சற்றுப் பொறுத்துத் தாழ்ப்பாள் விலகியது. வெளியே வந்தவன் முகம் தெளிந்திருந்தது. வயிறாரச் சாப்பிட்டான். பிறகு சொன்னான்.

செங்கல்பட்டு அரிசி மில்லில் மூட்டை தூக்கிய அவன் அப்பா கண்ணாயிரம் பிள்ளையை அடித்ததே இல்லை. தப்புச் செய்தால் இருட்டுக் குளியலறையில் விட்டு வெளியே தாழிடுவார். அழுகை நின்றால் கதவு திறக்கும். உடனே தன் துண்டால் அவன் முகத்தைத் துடைத்து, மடியில் வைத்துச் சோறு ஊட்டுவார். மற்ற நாட்களில் அவனைத் தொடவே மாட்டார்.

"அதுக்காகவே சில நாளு வேணும்னே தப்புப் பண்ணுவேன்," என்றான்.

அப்பா செத்த பிறகும் கால்கள் தாமாக இருட்டைத் தேடின. அங்கே நின்றால்தான் அவன் நெஞ்சு அடங்கியது.

மகள் செல்வியை அவன் ஒரு வார்த்தை கடிந்ததில்லை. ஆனால் அவன் இருட்டுக்குள் போவதையும், அம்மா தட்டியதும் முகம் தெளிந்து வருவதையும் அவள் பார்த்தே வளர்ந்தாள். அவளுக்கு நாலு வயதான கோடையில் ஒரு பகல், அவன் வீட்டுக்குள் நுழைந்தபோது ஊறுகாய் ஜாடி உடைந்து கிடந்தது. பிரதீபா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குளியலறைக் கதவு சாத்தியிருந்தது. தள்ளினான். இருட்டில் சுவரைப் பார்த்தபடி செல்வி நின்றிருந்தாள். கண்கள் உலர்ந்திருந்தன.

"யாரும்மா உன்ன உள்ள அனுப்பிச்சது?"

"யாரும் அனுப்பல. நீ வந்து தொறப்பன்னு நின்னுகினு இருந்தேன்."

அவன் கை, தோளில் கிடந்த துண்டை எடுத்து அவள் முகத்தைத் துடைத்தது. பாதியில் நின்றது. கன்னத்தில் அழுந்திய அந்த விரல்களை அவனுக்குத் தெரியும். அவை அவனுடையவை அல்ல.

மறுவாரம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்த்தான். "கஷ்டப்பட்டாத்தான் அன்பு கிடைக்கும்னு சின்ன வயசுலயே பழகிட்டீங்க. மாத்தலாம், ஆனா நாளாகும்," என்றார் அவர். அன்றிலிருந்து தப்பு நடந்தால் பிரதீபாவிடம் வந்து சொல்கிறான். "சரி வுடு," என்பாள் அவள். அது போதவில்லை என்பதுபோல் சாயங்காலம்வரை குளியலறைக் கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருப்பான்.

செல்வி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். போன மாதம் பால் டம்ளரைத் தட்டிவிட்டாள். குளியலறைப் பக்கம் போகவில்லை. அப்பாவிடம் வந்து மெல்லக் கேட்டாள்: "எவ்ளோ நேரம் உள்ள நிக்கணும்ப்பா?"

"நேரம்லாம் ஒண்ணும் கெடையாதும்மா. போய் வெளையாடு."

அவள் நம்பவில்லை. அவன் முகத்தையே பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.