மேற்கே திரும்பிய பந்து

அறுபதுகளின் நடுவில் எனக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. சிதம்பரத்தில் என் மாமனார் வீட்டில் என்னை ஒரு பொருட்டாக மதிக்க ஆளில்லை. சாப்பாட்டில் குறை வைக்கமாட்டார்கள். இட்லிக்குக் கத்தரிக்காய் கொத்சு, மத்தியானம் வடை பாயசம் எல்லாம் உண்டு. ஆனால் நான் வாயைத் திறந்தால் மாமனார் செய்தித்தாளைக் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன். என்னைவிட இரண்டு வயது பெரியவர். டேபிள் டென்னிஸில் சிதம்பரத்தில் அவரை அடிக்க ஆள் கிடையாது என்று அவரே சொல்லுவார். கடலூரில் எங்கள் அலுவலகத்து மனமகிழ் மன்றத்தில் நானும் ஆடுவேன் என்று கல்யாணமான புதிதில் தெரியாத்தனமாகச் சொல்லித் தொலைத்துவிட்டேன். மறுநாளே கூட்டிக்கொண்டு போய் அடித்தார். இருபத்தொன்றுக்கு நான்கு. வீட்டுக்கு வந்து எல்லோருக்கும் நடுவில் நின்று, "மாப்ள பந்த அடிக்கலப்பா, ஈ ஓட்டுறாரு" என்றார். மாமியார்கூடச் சிரித்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் நான் ஈ ஓட்டுகிறவன்தான். ஒரே ஒரு தடவை இந்த ஆளை ஜெயித்து, மாமனாரின் செய்தித்தாளைக் கீழே இறக்கிவிட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு அப்போது வாழ்க்கையில் வேறு லட்சியம் இல்லை. பதவி உயர்வுகூட இரண்டாம்பட்சம்தான்.

எங்கள் மன்றம் மஞ்சக்குப்பத்தில் ஒரு பழைய கட்டடத்தின் கோடி அறை. மேசையைச் செய்தவர் துறைமுகத்துப் பக்கம் படகு கட்டுகிற ஆசாரி. அதனால் அது ஆறு பேர் ஏறி நின்றாலும் அசையாது. கடையில் வாங்கிய வலை கிழிந்த பிறகு, என்னோடு வேலை பார்த்த தேவனாம்பட்டினத்துக்காரர் வீட்டிலிருந்து நெத்திலி வலையில் ஒரு துண்டு கொண்டுவந்து கட்டினார். மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. கணக்குப் பிரிவில் குமாஸ்தா. வேகமாக அடித்தால் பந்து அந்த வலையில் மாட்டிக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் அவரே வந்து பக்குவமாக எடுத்துக் கொடுப்பார்.

மன்றத்து அலமாரியில் ஆட்டத்தைக் கற்றுக்கொடுக்கும் ஆங்கிலப் புத்தகம் ஒன்று இருந்தது. முதல் பத்துப் பக்கம் கிடையாது. படங்கள் இருந்தன. ஒரு சித்திரை மாதத்தில் அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, சுழல் பந்து பழக ஆரம்பித்தேன். மட்டை பந்தை மோதக் கூடாது, ஓரமாகத் தேய்த்துப் போக வேண்டும். முழங்கை உடம்பை ஒட்டி இருக்க வேண்டும். மணிக்கட்டு கடைசி நொடியில் திரும்ப வேண்டும். மட்டை மன்றத்துச் சொத்து, வெளியே கொண்டுபோக அனுமதியில்லை. ஆகவே வீட்டில் தோசைத் திருப்பியால் பழகினேன். கண்ணாடி முன்னால் நின்று காலையில் ஐம்பது, மாலையில் ஐம்பது.

"தோசை வேணும்னா சொல்லுங்க, சுட்டுத் தரேன். அத வச்சிக்கிட்டு ஏன் காத்துல ஆட்டுறீங்க?" என்றாள் மனைவி.

"உங்க அண்ணனுக்குத்தான்" என்றேன்.

பத்தே நாளில் பலன் தெரிந்தது. மாலை நாலரை மணிக்கு மன்றத்தில் நான் போட்ட பந்து, வலையைத் தாண்டியதும் சட்டென்று மேற்கே வளைந்தது. எதிரே நின்றவர் மட்டையை வெறும் வெளியில் வீசினார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அடுத்த வாரம் அனேகமாக எல்லாப் பந்தும் வளைந்தது. மணிக்கட்டை இடப்பக்கம் திருப்பினாலும் மேற்கே போகும், வலப்பக்கம் திருப்பினாலும் மேற்கே போகும். இது புத்தகத்தில் இல்லாத சங்கதி. புத்தகம் எழுதியவருக்கே தெரியாத ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தேன். மற்றவர்களின் பந்துகளும் லேசாக வளையத் தொடங்கின. என்னைப் பார்த்துக் கற்றுக்கொள்கிறார்கள், போகட்டும் என்று பெருந்தன்மையாக இருந்தேன்.

வைகாசியில் லீவு போட்டுவிட்டுச் சிதம்பரம் கிளம்பினேன். ரயிலில் பரங்கிப்பேட்டை தாண்டும்வரை மணிக்கட்டைச் சுழற்றிக்கொண்டே போனேன். எதிர் இருக்கையில் இருந்த பெரியவர், சுளுக்குக்கு வேப்பெண்ணெய் நல்லது என்றார்.

மச்சான் ஆடும் கூடம் ஒருகாலத்தில் நெல் கிடங்கு. சன்னல் என்று பேருக்குக்கூட ஒன்று கிடையாது. கதவைச் சாத்தினால் உள்ளே புழுங்கித் தள்ளும். நான் பந்தைத் தூக்கிப் போட்டு, முழங்கையை ஒட்டவைத்து, மணிக்கட்டைத் திருப்பினேன். பந்து நேராகப் போனது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் நல்ல பிள்ளை மாதிரி நேராகப் போய் மச்சானின் மட்டையில் உட்கார்ந்தது. இருபத்தொன்றுக்கு மூன்று. முன்பைவிட ஒன்று குறைவு. மட்டை சரியில்லை, வெளிச்சம் போதாது, கொத்சு அதிகமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியதையெல்லாம் சொன்னேன். வீட்டில் மாமனார் எதுவும் கேட்கவில்லை. செய்தித்தாளைப் புரட்டினார். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

கடலூருக்குத் திரும்பி வந்து அன்று மாலையே ஆடிப் பார்த்தேன். பந்து ஜம்மென்று மேற்கே வளைந்தது. என்னால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை காப்பிக்கு வந்த தேவனாம்பட்டினத்துக்காரரிடம் புலம்பினேன். அவர் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, கொஞ்சம் தயங்கி, "அண்ணே, அது கொண்டக்காத்துண்ணே" என்றார்.

கொண்டல் என்றால் கிழக்கே கடலிலிருந்து வரும் காற்று.

"கெழக்கு சன்னல் கதவ ரிப்பேருக்குன்னு கழட்டிக்கிட்டுப் போனாங்க பாருங்க, அன்னைலேருந்துதான் பந்து திரும்புது. நாலு மணிக்கு மேல காத்து ஜாஸ்தி."

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"மொத நாளே தெரியும். கடக்கரையில பொறந்துட்டு இது தெரியாதாண்ணே? நான் ரெண்டடி தள்ளி நின்னுதான ஆடுறேன்."

"ஏன்யா சொல்லல?"

"நீங்க சந்தோஷமா இருந்தீங்க" என்றார்.

காப்பி கொண்டுவந்த என் மனைவி அடுக்களைக்குள் போய்விட்டாள். உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. சிரித்து முடிக்க அவளுக்கு வெகுநேரம் ஆனது.

நான் கோபக்காரன். ஆனால் கோபத்திலும் எனக்கு மூளை வேலை செய்யும். மறுநாளே மச்சானுக்குக் கடிதம் போட்டேன். கடலூர் வாருங்கள், ஒரு கை பார்க்கலாம், ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு என்று எழுதி, நேரத்தின் கீழே இரண்டு கோடு போட்டேன்.

வந்தார். அறைக்குள் நுழைந்ததும் சட்டைக் காலரைத் தளர்த்திவிட்டுக்கொண்டு, "அடேயப்பா, என்னா காத்து மாப்ள. ஊருன்னா இது ஊரு" என்று பாராட்டினார். கிடங்கிலேயே ஆடி வளர்ந்த மனிதர். காற்று பந்தையும் தொடும் என்பது அவருக்குத் தெரிய நியாயமில்லை. நான் பந்தை மெதுவாக, கொஞ்சம் உயரமாகப் போட்டேன். மீதியைக் கடல் பார்த்துக்கொண்டது. அவர் நேராகக் குறிவைத்து அடித்ததெல்லாம் மேசைக்கு மேற்கே விழுந்தது. பக்கம் மாறி நின்றும் பயனில்லை, காற்று குறுக்கே அடித்தது. மூன்று ஆட்டத்தில் இரண்டு எனக்கு. தேவனாம்பட்டினத்துக்காரர் சுவரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

ஜெயித்ததும் மச்சானிடம் உண்மையைச் சொல்லிவிடுவதாகத்தான் இருந்தேன். சத்தியமாகச் சொல்கிறேன். ஆனால் வீட்டுக்கு வந்ததும் அவர் என் எதிரே உட்கார்ந்து, "மாப்ள, தப்பா நெனைக்காதீங்க. அந்தச் சுத்து எப்டின்னு எனக்கும் சொல்லிக் குடுங்க" என்றார். குரலில் கேலியே இல்லை. இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு நாக்கு புரண்டுவிட்டது. தோசைத் திருப்பியை எடுத்துவரச் சொல்லி, புத்தகத்தில் இருந்ததை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொடுத்தேன். தேய்த்துப் போக வேண்டும், முழங்கை ஒட்டி இருக்க வேண்டும், மணிக்கட்டு கடைசியில். அவர் பயபக்தியோடு கேட்டுக்கொண்டார். கதவருகே நின்ற என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் அவள் பக்கம் திரும்பவே இல்லை.

தீபாவளிக்குச் சிதம்பரம் போனோம். இலையிலிருந்து எழுந்த கையோடு மச்சான் கிடங்குக்கு இழுத்துக்கொண்டு போனார். மாமனாரும் கூட வந்தார், அதுவே அதிசயம். கதவு சாத்தியிருந்தது. ஒரு பூச்சி பறந்தால் தெரியும், அவ்வளவு அசைவற்ற காற்று. மச்சான் பந்தைத் தூக்கிப் போட்டுத் தேய்த்தார். பந்து மேசையில் விழுந்து என் வயிற்றுப் பக்கம் சுருண்டு வந்தது. அடுத்ததை எதிர்ப்பக்கம் சுருட்டினார். அவர் எந்தப் பக்கம் நினைத்தாரோ அந்தப் பக்கம் போனது. இருபத்தொன்றுக்கு இரண்டு.

தினம் விடிகாலையில் சுவரோடு ஆடிப் பழகியிருக்கிறார் மனிதர். நான் சொன்னது சொன்னபடி. சொல்லிக்கொடுத்ததில் ஒரு தப்பும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. காற்று எனக்காகப் பாடுபட்டுக்கொண்டிருந்ததால் என் மணிக்கட்டு ஒரு நாளும் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான்.

மச்சான் மட்டையை வைத்துவிட்டு மாமனாரிடம் சொன்னார்: "எல்லாம் மாப்ள கத்துக் குடுத்ததுப்பா. கத்துக் குடுத்தவராச்சேன்னு ரெண்டு பாயிண்டு நானாத்தான் வுட்டேன்."

வீட்டில் அன்று மாலை மாமனார் செய்தித்தாளை மடித்து ஓரமாக வைத்தார். "இவ்ளோ வெஷயம் தெரிஞ்சவரு, ஒண்ணுமே காட்டிக்க மாட்டேங்கிறீங்களே" என்றார். இரண்டு வருடமாக நான் ஏங்கியது இதற்குத்தான். கிடைத்ததும் உட்கார முடியவில்லை. அவமானமாக இருந்தது. எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டேன்: "மாமா, எனக்கு ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு நான் ஜெயிச்சது காத்துல. கடல்காத்து."

மாமனார் மகனைப் பார்த்து, "பாத்தியாடா? இவுங்ககிட்டேருந்து நீ மொதல்ல இந்த அடக்கத்தக் கத்துக்க" என்றார். மாமியார் எனக்கு இன்னொரு வடை வைத்தார். என் மனைவி மட்டும் முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள்.

இதற்கு மேல் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? அந்த மரியாதையைக் கெடுக்காமல் இருக்க ஒரே வழி, சிதம்பரத்தில் மட்டையைத் தொடாமல் இருப்பதுதான். முழங்கால் வலி என்று சொல்லிவிட்டேன். நான் வருகிறேன் என்று தெரிந்தால் மச்சானின் சிநேகிதர்கள் நாலைந்து பேர் மட்டையோடு வந்து காத்திருப்பார்கள். கிடங்கில் எனக்கு ஒரு நாற்காலி போடுவார்கள். நான் உட்கார்ந்தபடி, தேய்த்து விடுங்கள், முழங்கை, மணிக்கட்டு என்று சொல்லிக்கொண்டிருப்பேன். என்னிடம் வந்தவர்களில் ஒருவருக்குக்கூட அந்தச் சுழல் வராமல் போனதில்லை. எனக்கு மட்டும் இன்றுவரை வரவில்லை.