சாவி அண்ணனின் இடுப்பில் இருந்தது

போன ஐப்பசியில் உப்பளத்தில் தண்ணீர் ஏறிய அன்று, என் அண்ணன் ஞானராஜ் உயிரோடு திரும்புவார் என்று எங்கள் வீட்டில் யாரும் நம்பவில்லை. நானும் நம்பவில்லை. முழங்காலில் நின்று ஜெபித்தேன், ஆனால் நம்பாமல்தான் ஜெபித்தேன். அன்று தேவன் செய்ததை உங்களுக்குச் சொல்லும்போது இதை மறைக்கக் கூடாது.

மதியம் வரை வெயில் அடித்தது. அண்ணனும், அவரோடு வேலை செய்யும் ஏழுமலையும் கடைசி உப்புக் குவியலைப் பனங்கீற்று போட்டு மூடப் போயிருந்தார்கள். மழைக்கு முன்னால் மூடிவிட்டால் தை மாதம் வரை கவலை இல்லை. மழை முந்திக்கொண்டது. மேற்கே பெய்த தண்ணீரும் சேர்ந்து வந்து பக்கிங்காம் கால்வாய் கரை மீறியது.

உப்பளத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அங்கே மரம் கிடையாது. கண்ணுக்கு எட்டியவரை பாத்திகள், நடுவே ஒற்றை ஆள் நடக்கும் வரப்புகள். வரப்பு முழுகிவிட்டால் எல்லாம் ஒரே தண்ணீர். பாத்திக்குள் இறங்கினால் முழங்கால் அளவு. கால்வாய்க்குள் இறங்கினால் ஆள் முழுகும். மழை திரை போட்டால் ஊர் எந்தப் பக்கம் என்பதே தெரியாது.

அண்ணனின் போன் வீட்டில் சார்ஜில் கிடந்தது. ஏழுமலையின் போனுக்கு மணி போகவே இல்லை. பாஸ்டரும் ஊர் ஆண்களும் உப்பளத்தின் ஓரம்வரை போய்க் கூப்பிட்டுப் பார்த்தார்கள். குரல் பத்தடி தாண்டவில்லை. அண்ணி எஸ்தர் வாசலில் நனைந்துகொண்டே நின்றாள். "ஏதாவது செய்யேன் ஜெயா, ஏதாவது செய்யேன்" என்று என்னிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். எனக்கு ஆலயத்துக்குப் போவதைத் தவிர ஒன்றும் தோன்றவில்லை.

ஆலய வாசலில் மணிக்கூண்டு. கூண்டின் அடியில் இரும்புக் கம்பிக் கதவு, அதில் ஒரு பூட்டு. அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

ஊரில் எங்கள் வீட்டுக்கு மணிக்கார வீடு என்று பெயர். மணியை வாங்கி வைத்தவர் எங்கள் தாத்தா. அதை அடிப்பது எங்கள் குடும்பத்து உரிமை. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது அப்பா என்னை எழுப்பிக் கூட்டிப்போவார். கயிற்றில் தேங்காய் நாரும் அப்பாவின் வியர்வையும் கலந்த ஒரு வாசனை இருக்கும். அப்பா இழுப்பார், நானும் பிடித்துக்கொள்வேன். மணி மேலே ஆடும்போது கயிறு என்னைத் தரையிலிருந்து தூக்கிவிடும். இரண்டு அடி சேர்த்து, ஒரு நிறுத்தம், மறுபடி இரண்டு. அது எங்கள் வீட்டு அடி. அதைக் கேட்டு உப்பளத்தில் வேலை செய்கிற இந்துக்களும் "முதல் மணி ஆயிடுச்சு, கஞ்சிய எடும்மா" என்பார்களாம். இப்போதும் எங்காவது மணி கேட்டால் என் கால் கொஞ்சம் தரையை விட்டு எழும்பும். அவ்வளவு சந்தோஷம் அதில் இருந்தது. அப்பா காலத்தில் பூட்டு இல்லை.

பூட்டு மல்லிகாவால் வந்தது. மல்லிகா உப்பளக் கூலி. அவளும் கணவனும் ஞானஸ்நானம் பெற்றுச் சில வருஷம்தான் ஆகியிருந்தது. கணவன் இறந்தபோது, அடக்கத்துக்குத் துக்க மணி அடிக்க வேண்டும் என்று கேட்டாள். எங்கள் சபையில் துக்க மணி பழைய குடும்பங்களுக்கு மட்டும் அடிப்பது வழக்கம். எழுதி வைக்காத வழக்கம்.

"வழக்கம்னு ஒண்ணு இருக்குது இல்லம்மா" என்றார் அண்ணன்.

"ஞானஸ்நானத்துல நாங்க முழுகினதும் அதே தண்ணிதானண்ணே" என்றாள் மல்லிகா.

மணி இல்லாமலே அடக்கம் நடந்தது. அவளுடைய சொந்தக்காரர்கள் தாங்களே கயிற்றை இழுத்துவிடுவார்கள் என்று யாரோ சொல்ல, மறுவாரம் அண்ணன் பூட்டுப் போட்டார். சாவியை அரைஞாண் கயிற்றில் கட்டிக்கொண்டார். குளிக்கும்போதும் கழற்ற மாட்டார்.

தண்ணீர் ஏறுவதற்கு முந்தின ஞாயிறு பாஸ்டர் வேதத்தில் ஆமோஸ் தீர்க்கதரிசியின் புத்தகத்திலிருந்து பேசினார். பூமியில் எத்தனையோ வம்சங்கள் இருக்க உங்களைத்தான் நான் அறிந்துகொண்டேன், அதனாலேயே உங்களிடம்தான் கணக்குக் கேட்பேன் என்று தேவன் தம் சொந்த ஜனத்திடம் சொல்கிற இடம். அறிந்துகொண்டேன், அதனால் காப்பாற்றுவேன் என்று வரும் என்றுதான் நாம் எதிர்பார்ப்போம். அங்கே அப்படி வரவில்லை. இன்னொரு இடத்தில், உங்களை எகிப்திலிருந்து கொண்டுவந்தது போலத்தான் உங்கள் பகைவர்களையும் வேறு ஊரிலிருந்து கொண்டுவந்தேன் என்கிறார்.

ஆராதனை முடிந்து வாசலில் அண்ணன் சிரித்துக்கொண்டே சொன்னார். "அது யூதருக்குச் சொன்னதுங்க பாஸ்டர்."

"அப்போ ஆசீர்வாதம் சொல்ற எடமெல்லாம் மட்டும் நமக்கா ஞானராஜ்?" என்றார் பாஸ்டர்.

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு என் காதில் இருக்கும்போதுதான் ஆலயத்தில் முழங்காலிட்டேன். என் வாயில் வந்த முதல் ஜெபம் இது: "ஆண்டவரே, மூணு தலைமுறையா உமக்கு மணி அடிக்கிற குடும்பம். எங்களைக் கைவிடலாமா?" சொல்லி முடித்ததும் எனக்கே அது ஜெபம் மாதிரி கேட்கவில்லை. நியாயம் கேட்டு வாசலில் நிற்கிற ஆளின் குரல் மாதிரி இருந்தது. அதே சமயம் ஏழுமலையின் பெயரை நான் சொல்லவே இல்லை என்பதும் உறைத்தது. அவனும் அதே தண்ணீரில்தான் நின்றான். அவன் வீட்டிலும் ஒருத்தி வாசலில் நின்றிருப்பாள்.

மறுபடி ஜெபித்தேன். "எங்களுக்கு எந்த உரிமையும் இல்ல. மணி உம்முடையது. ரெண்டு பேரும் உம்முடையவங்க. கொண்டுவாரும்." அழுதேன்.

பின்னால் ஈரக் கால் சத்தம் கேட்டது. திரும்பினால் மல்லிகா. தலையில் உரச்சாக்கைக் கவிழ்த்துப் போட்டிருந்தாள். கையில் கடப்பாறை.

"ஜெயாக்கா, சாவி எங்க?"

"அண்ணன் இடுப்புல."

அவள் என்னைப் பார்த்தாள். அப்போதும் அவள் கேட்டது என்ன தெரியுமா? "ஒடைக்கட்டுமாக்கா?" என்று அனுமதி கேட்டாள். தன் புருஷனுக்கு அடிக்காத மணியை, அதைப் பூட்டியவருக்காக அடிக்க, அந்த வீட்டுப் பெண்ணிடமே அனுமதி கேட்டாள். தலையை ஆட்டினேன்.

பூட்டு எளிதில் உடையவில்லை. நல்ல பூட்டாகப் பார்த்து வாங்கியிருந்தார் அண்ணன். "உங்கண்ணன் உப்பளத்தக்கூட இவ்ளோ கெட்டியா பூட்டியிருக்க மாட்டாரு" என்று மூச்சிரைக்கச் சொல்லிக்கொண்டே குத்தினாள். கடைசியில் பூட்டு அப்படியே இருக்க, அது மாட்டியிருந்த கொண்டி பெயர்ந்து வந்தது.

அவளுக்கு மணி அடிக்கத் தெரியாது. இரண்டு அடி, நிறுத்தம் என்கிற எங்கள் கணக்கெல்லாம் இல்லை. வெறி பிடித்தவள் போல இழுத்தாள். அவள் கை ஓய்ந்தபோது நான் இழுத்தேன், என் கை ஓய்ந்தபோது அவள். காற்று எங்கள் பக்கத்திலிருந்து உப்பளத்துப் பக்கமாக வீசியது. அந்தக் காற்றை நாங்கள் உண்டாக்கவில்லை.

அங்கே நடந்ததை ஏழுமலைதான் பிறகு எங்களுக்குச் சொன்னான். இருவரும் கைகோத்துக்கொண்டு, ஊர்ப் பக்கம் என்று நினைத்து நடந்துகொண்டிருந்தார்கள். உண்மையில் கால்வாயை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள்.

"அண்ணே, மணி கேக்குது. பின்னால கேக்குதுண்ணே."

"ஏம்பா, மணி எப்படிக் கேக்கும்? சாவி எங்கிட்ட இருக்குது."

"உங்ககிட்ட இருந்தா இருக்கட்டும்ண்ணே. சாமிகிட்ட இன்னொண்ணு இருக்கும். திரும்புங்க!"

அண்ணன் இடுப்பைத் தடவிப் பார்த்தாராம். சாவி இருந்தது. மணியும் கேட்டது. நம் வீட்டு அடி இல்லை, இது வேறு யாரோ அல்லது வெறும் பிரமை என்று நினைத்து இன்னும் ஓரடி முன்னால் வைத்தார். கால் தரையைத் தொடவில்லை. ஏழுமலை சட்டையைப் பிடித்து இழுத்தான். அதன் பிறகுதான் அண்ணன் திரும்பினார். சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இருவரும் நடந்து வந்தார்கள். ஓரத்தில் நின்றிருந்த பாஸ்டர்தான் முதலில் பார்த்தார்.

இருவரையும் ஆலயத்துக்கே கூட்டி வந்தார்கள். உதடு வெளுத்து, உடம்பெல்லாம் சேறாக அண்ணன் மணிக்கூண்டின் முன்னால் நின்றார். உடைந்த கதவு. கயிற்றைப் பிடித்தபடி மல்லிகா. அவள் உள்ளங்கை உரிந்து இரத்தம் வந்திருந்தது.

"கதவ ஒடச்சிட்டேண்ணே" என்றாள்.

அண்ணன் அந்தச் சேற்றுக் கையாலேயே முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு அரைஞாண் கயிற்றிலிருந்து சாவியை அறுத்து எடுத்தார். அதை எங்கே போட்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்கவும் இல்லை.

கூண்டுக்கு இப்போது கதவு இல்லை. ஞாயிறு தோறும் ஒரு குடும்பம் அடிக்கிறது, எங்கள் முறை வரும்போது நாங்கள். ஒவ்வொரு வாரமும் மணி ஒவ்வொரு விதமாகக் கேட்கிறது. அப்பாவின் அடிக்கு நான் ஏங்குகிறேன், அதில் பொய் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஏக்கத்தோடும் நன்றி சொல்லக் கற்றுக்கொண்டிருக்கிறேன். ஏழுமலை இன்னும் தன் சாமியைத்தான் கும்பிடுகிறான். அவன் பெயரைச் சொல்லாமல் நான் இப்போது ஜெபிப்பதில்லை.

மல்லிகாவின் கணவன் இறந்த நாள் இந்த வருஷம் வந்தபோது, காலையில் துக்க மணி கேட்டது. உப்பளத்தில் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு, யார் போய்விட்டார்கள் என்று ஒருவரையொருவர் பார்த்தார்களாம். நான் ஆலயத்துக்கு ஓடினேன். அண்ணன் தனியாக நின்று கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார். ஒவ்வோர் அடிக்கும் நடுவே, அப்பா சொல்லிக்கொடுத்தபடி, நீண்ட மௌனம் விட்டார். படிக்கட்டில் மல்லிகா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

பிரியமானவர்களே, தேவன் உங்கள் குடும்பத்தை முதலில் அழைத்திருந்தால் அது பெரிய கிருபை. அதைப் பூட்டி வைக்காதீர்கள். நமக்குத் தந்ததைப் பற்றி நம்மிடம்தான் அவர் கேட்பார். கேட்கிறவர் காப்பாற்றவும் செய்கிறார் என்பதற்கு என் அண்ணன் உயிரோடு இருக்கிறார். நீங்கள் தண்ணீருக்குள் திசை தெரியாமல் நிற்கும்போது மணி சத்தம் கேட்டால், யார் அடிக்கிறார்கள் என்று பார்க்காதீர்கள். திரும்பி நடங்கள்.