ஆட்சேபணை உண்டு

வாயில் ஆணி இருக்கும்வரை என் அண்ணி யாரோடும் சண்டை போடமாட்டார். சோபாவுக்குத் துணி அடிக்கிறவர்களின் பழக்கம் அது. குட்டி ஆணிகள் பத்துப் பதினைந்தை உதட்டுக்குள் அடக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக வெளியே தள்ளி, எடுத்து, வைத்து, ஒரே அடி. "நாள் முழுக்க வாயை மூடிக்கிட்டுத்தான் இருக்கேன். மிச்ச நேரத்துல நான் பேசுறதை யாரும் குறை சொல்லக்கூடாது" என்பார்.

கல்யாணத்துக்கு முன்னால் பேருந்து இருக்கை தைக்கும் பட்டறையில் வேலை பார்த்தவர். அங்கே பெண்களுக்குத் தையல், ஆண்களுக்குச் சுத்தியல். ஒருநாள் ஆணி அடிக்கிற ஆள் வரவில்லை. அன்றைக்குச் சுத்தியலை எடுத்த அண்ணி, அதைத் திருப்பிக் கொடுக்கவேயில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த மறு வருடமே பின்பக்கம் தகரக் கூரை போட்டுச் சொந்தப் பட்டறை வைத்துவிட்டார். தெருவுக்கே அவர் சோபா அக்கா.

பட்டறைக்குப் போக ஒரே வழி, எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவிலிருந்த சந்து. பக்கத்து வீட்டுக்காரர் தன் பழைய சுவரை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினார். கட்டி முடித்தபோது அந்தச் சுவர் இரண்டரை அடி எங்கள் பக்கம் நடந்து வந்திருந்தது. மிஞ்சிய சந்து இரண்டடி எட்டங்குலம். சோபாவைப் படுக்கப்போட்டாலும் நிமிர்த்தினாலும் உள்ளே போகாது. அன்றிலிருந்து அண்ணி தெருவிலேயே சோபாவைப் பிரித்து, சட்டம் தனியாக, கால் தனியாக உள்ளே சுமந்து, வேலை முடிந்ததும் மறுபடி தெருவில் பூட்டிக் கொடுக்கிறார். மழை வந்தால் வேலை இல்லை.

கேட்டதற்கு, "சந்து எப்பவுமே இவ்வளவுதான்" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். பத்திரத்தில் 'பொதுச் சந்து' என்று மட்டும்தான் இருந்தது. அகலம் இல்லை. அந்த அகலம் தெரிந்தவர் ஒரே ஒருவர்: முப்பது வருடம் முன்பு இரண்டு பக்கச் சுவரையும் கட்டிய மேஸ்திரி. அண்ணி அவரைத் தேடிக் கண்டுபிடித்து, சாட்சிப் பட்டியலில் சேர்த்து, வழக்குப் போட்டார். அண்ணனுக்கு லாரி ஓட்டுகிற வேலை. வழக்கு என்ற பேச்சு எடுத்தாலே வண்டிச் சாவியைத் தேடுவார். அதனால் நீதிமன்றத்துக்கு அண்ணியும் நானும்தான்.

நான்கு வருடம். பதினான்கு வாய்தா. எல்லாம் எதிர்த்தரப்பு கேட்டது. அண்ணி ஒவ்வொன்றின் காரணத்தையும் ரெக்சின் மாதிரித் துண்டுகளின் பின்பக்கம் எழுதி, வளையத்தில் கோத்து வைத்திருந்தார். பச்சைத் துண்டில், வக்கீலுக்குப் பல் பிடுங்கியது. நீலத்தில், வழக்குக் கட்டு கிடைக்கவில்லை. காப்பி நிறத்தில், எதிராளிக்கு முதுகுவலி, படுத்த படுக்கை. அதன் கீழேயே சின்ன எழுத்தில்: 'இன்று மொட்டைமாடிக்குத் தண்ணீர்த்தொட்டி தூக்கினார்.'

மேஸ்திரி ஒன்பது முறை வந்து சாட்சி சொல்லாமலே திரும்பியிருந்தார். ஏழாவது தடவை வரை பேருந்தில் தனியாக வந்தார். எட்டாவது தடவை, வந்த வழியை மறந்து சந்தையில் நின்றுகொண்டிருந்தவரை நான் போய் அழைத்துவந்தேன். ஒன்பதாவது தடவை நீதிமன்ற வராந்தாவில் அண்ணியைப் பார்த்துச் சிரித்து, "நீங்க யாரும்மா?" என்று கேட்டார்.  அண்ணி வீட்டுக்கு வந்து சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். எதிர்த்தரப்பு எதற்காகக் காத்திருக்கிறது என்று அன்றுதான் எங்களுக்கு உறைத்தது.

மறுநாளே அண்ணி வழக்கின் நடவடிக்கைக் குறிப்புகளுக்கு நகல் கேட்டு மனுப் போட்டார். நகல் வந்ததும் பட்டறையில் உட்கார்ந்து நான் படித்தேன். அவர் ஆணி அடித்துக்கொண்டே கேட்டார். ஒவ்வொரு வாய்தாவின் கீழும் எங்கள் வக்கீலின் கையெழுத்தோடு ஒரே வரி: 'வாதி தரப்பில் ஆட்சேபணை இல்லை.' நான்காவது தடவை அந்த வரி வந்தபோது சுத்தியல் நின்றது. வாயிலிருந்த ஆணிகள் அத்தனையையும் உள்ளங்கையில் துப்பினார்.

"கிளம்பு தம்பி."

வக்கீல் அலுவலகத்தில் வந்தவர்கள் உட்காரும் நாற்காலியின் இருக்கை கிழிந்திருந்தது. அண்ணி உட்கார்ந்து, நகலை மேசையில் விரித்தார்.

"இது என்ன சார்?"

வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இது தொழில் மரியாதைம்மா. இன்னிக்கு அவர் கேட்டா நான் சரின்னு சொல்லணும். நாளைக்கு எனக்கே காய்ச்சல் வந்தா அவர் சரின்னு சொல்வார்."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா நான் மாத்திரை வாங்கித் தர்றேன். என் சந்தை எடுத்து ஏன் சார் மரியாதை பண்றீங்க?"

"ஒரு தேதி தள்ளிப்போனா அப்படி என்னம்மா ஆயிடும்?"

"மேஸ்திரி என்னையே யாருன்னு கேட்டார். அதான் ஆகும்."

வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார்.

"இனிமே என்னைக் கேக்காம ஆட்சேபணை இல்லன்னு எழுதாதீங்க" என்றார் அண்ணி.

"அப்ப வேற ஆளைப் பாத்துக்குங்கம்மா."

"பாத்துக்கறேன். அதுவரைக்கும் நீங்கதான். பத்தாம் தேதி வந்துடுங்க." எழுந்தவர் நாற்காலியின் கிழிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "எத்தனை வருஷமா சார் இதுல ஆளுங்களை உக்கார வச்சிருக்கீங்க? ஃபோம் செத்தே போச்சு."

பத்தாம் தேதி மேஸ்திரியை நானே அவர் வீட்டுக்குப் போய் அழைத்துவந்தேன். வெளுத்த சட்டை, குள்ளமான உருவம், சிமெண்ட் அரித்த விரல்கள். வழியெல்லாம் மூன்று முறை, "எங்க போறோம் தம்பி?" என்று கேட்டார். மூன்று முறையும் சொன்னேன்.

வழக்கு எண்ணைக் கூப்பிட்டதும் எதிர்த்தரப்பில் இளம் வக்கீல் ஒருவர் எழுந்தார். சீனியருக்கு மேல்கோர்ட்டில் வேறொரு வழக்காம், ஒரு மாதம் அவகாசம் வேண்டுமாம். நீதிபதி எங்கள் வக்கீலைப் பார்த்தார். எங்கள் வக்கீல் பாதி எழுந்தார். வாய் பழக்கதோஷத்தில் திறந்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணியை ஒருமுறை பார்த்தார். வாய் மறுபடி மூடிக்கொண்டது.

"எனக்கு ஆட்சேபணை இருக்குதுங்க ஐயா."

எல்லாத் தலையும் திரும்பியது. அண்ணி எழுந்து நின்றிருந்தார்.

"உங்களுக்குத்தான் வக்கீல் இருக்காரே?" என்றார் நீதிபதி.

"இருக்கார்ங்க. பதினாலு தடவை அவருக்கு ஆட்சேபணை இல்ல. எனக்கு இருந்துச்சு. யாரும் கேக்கல."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பெயர் கூப்பிடும் டவாலி, "அமைதி, அமைதி" என்றார். அவர் முகத்திலும் சிரிப்பு இருந்தது. அண்ணி ரெக்சின் வளையத்தை நீட்டினார். நீதிபதி பச்சையைப் புரட்டினார், நீலத்தைப் புரட்டினார். காப்பி நிறத்தில் கொஞ்ச நேரம் நின்றார்.

"தண்ணீர்த்தொட்டி எத்தனை லிட்டர்?"

"ஆயிரம்ங்க. ரெண்டு பேர் பிடிச்சாங்க. கீழ்ப்பக்கம் பிடிச்சவர் அதோ உக்காந்திருக்கார்."

பக்கத்து வீட்டுக்காரர் குனிந்து செருப்பைச் சரிசெய்தார்.

"சாட்சி வந்திருக்காரா?"

"பத்தாவது தடவையா வந்திருக்கார்ங்க. அவருக்கு ஞாபகம் போய்க்கிட்டே இருக்கு. நீங்க தேதி குடுக்கலாம். அந்தத் தேதியில இவர் வருவார், ஞாபகம் வருமான்னு தெரியாது."

நீதிபதி வளையத்தைத் திருப்பிக் கொடுத்தார். "வாய்தா மனு தள்ளுபடி. சாட்சியை ஏத்துங்க. குறுக்கு விசாரணையும் இன்னிக்கே."

எங்கள் வக்கீல் முழுதாக எழுந்தார். நல்லபடியாகவே விசாரித்தார், அதைச் சொல்லவேண்டும். "சந்து எவ்வளவு அகலம் விட்டுக் கட்டினீங்க?" என்று கேட்டார். மேஸ்திரி யோசித்தார். யோசித்துக்கொண்டே இருந்தார்.  "அடியில சொல்லத் தெரியலைங்க" என்றார் கடைசியில். அண்ணியின் கை என் மணிக்கட்டை இறுக்கியது.

இளம் வக்கீலுக்குத் தெம்பு வந்துவிட்டது. குறுக்கு விசாரணையில் முதல் கேள்வியே, "பெரியவரே, இன்னிக்கு என்ன கிழமை?"

மேஸ்திரி டவாலியைப் பார்த்தார், சன்னலைப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீங்க வாய்தா வாங்க முடியாத கிழமைங்க."

இந்தத் தடவை டவாலி யாரையும் அடக்கவில்லை.

இளம் வக்கீல் விடவில்லை. "கிழமை தெரியாது. அடி தெரியாது. அப்ப சந்து எவ்வளவுன்னு உங்களுக்கு ஞாபகமே இல்ல, சரிதானே?"

"ஞாபகம் எதுக்குங்க?" மேஸ்திரி இரண்டு கையையும் அகல விரித்தார். கூண்டுக் கம்பிக்கு வெளியே விரல் நுனிகள் நீண்டன. "வழக்குப் போட்ட வீட்டுப் பெரியவர் என்னை வாசல்கல்லு மேல நிக்கவச்சு, 'ரெண்டு கையும் விரிச்சு நட, எங்கயும் இடிக்கக்கூடாது'ன்னார். வாசல்ல இருந்து பின்பக்கம் வரைக்கும் இப்படியே நடந்தேன். நடு விரல் தொடுற இடத்துல கயிறு கட்டினேன். இந்தக் கைதான். வேற கை வாங்கல."

நீதிபதி அளவு நாடா கேட்டார். நீதிமன்றத்தில் இல்லை. அண்ணியின் கழுத்தில் எப்போதும் தொங்குவது அன்றும் தொங்கியது. டவாலி வாங்கி அளந்தார். மேஸ்திரியின் விரித்த கைகள் தாழ்ந்துவிடாமல் எங்கள் வக்கீல் ஒரு பக்கமும் இளம் வக்கீல் மறுபக்கமும் தாங்கிப் பிடித்தார்கள்.

ஐந்தடி இரண்டங்குலம். எங்கள் மனுவில் எழுதியிருந்ததும் அதேதான்.

தட்டச்சு செய்து, படித்துக்காட்டி, மேஸ்திரியின் கையெழுத்து வாங்கினார்கள். இறங்கி வந்தவர் அண்ணியிடம், "சரியா சொன்னேனாம்மா?" என்றார். "சரியா சொன்னீங்க" என்றார் அண்ணி. "நீங்க யாரு?" என்றார். "நீங்க கட்டின சந்துல குடியிருக்கிறவ" என்றார் அண்ணி.

வாதத்துக்கு அடுத்த மாதம் தேதி போட்டிருக்கிறார்கள். தீர்ப்பு இன்னும் வரவில்லை. சுவர் இருந்த இடத்திலேயே இருக்கிறது. சாட்சி சொன்ன மறுநாள் அண்ணி தெருவில் மூன்று பேர் உட்காரும் சோபா ஒன்றைக் கவிழ்த்துப்போட்டு, வாய் நிறைய ஆணியோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் வண்டியை நிறுத்தினார்.

"ஜெயிச்சுட்டதா நெனப்பா? மேல்கோர்ட் இருக்கு. இன்னும் பத்து வருஷம் இழுப்பேன்."

அண்ணி அவசரப்படவில்லை. ஆணிகளை ஒவ்வொன்றாக உள்ளங்கையில் எடுத்து வைத்தார்.

"இழுங்க. பத்து வருஷம் நானும் வருவேன், வளையத்துல துண்டும் நிறைய இருக்கு. ஆனா அந்த மனுஷன் சொன்னதை எழுதியாச்சு. இனிமே அவர் எல்லாத்தையும் மறந்துட்டு நிம்மதியா இருக்கலாம். கொஞ்சம் வண்டிய நகர்த்துங்க, சட்டத்தை உள்ள கொண்டுபோகணும்."

அவர் நகர்த்தும்வரை சட்டத்தைத் தோளில் வைத்துக்கொண்டே நின்றார்.