பழுது பாடத்திட்டத்தில் இல்லை

என் அம்மா ஒரு பொறியியல் கல்லூரியின் மின் இயந்திர ஆய்வகத்தில் இருபத்தாறு வருடம் டெக்னீஷியனாக இருந்தாள். அவளுடைய பணிக் கோப்பில் அவள் வேலையைப் பற்றிப் பேசும் தாள் ஒன்றே ஒன்றுதான். மற்றதெல்லாம் விடுப்பு விண்ணப்பங்கள். அந்த ஒரு தாள் ஒரு மெமோ. அவளுக்கு வயரிங் தெரியாது என்று அது சொன்னது.

டிப்ளமோ முடித்த கையோடு வேலைக்குச் சேர்ந்தாள். பாடம் நடத்தும் உரிமை அவளுக்கு இல்லை. மீட்டர் எடுத்துக் கொடுப்பது, கேபிள் சுருட்டுவது, உடைந்ததை ஒட்டுவது. ஆனால் எந்த மாணவன் எந்தப் புகாரோடு வந்தாலும் முதல் கேள்வி அவளுடையதுதான்: "ஃபியூஸ் பாத்தியா?" அதனால் அவள் பெயர் ஃபியூஸ் அக்கா. துறைத்தலைவருக்கும் மாணவர்கள் ஒரு பெயர் வைத்திருந்தார்கள்: செராக்ஸ். பதினெட்டு வருடம் முன்பு எழுதிய குறிப்புகளையே நகலெடுத்துக் கொடுப்பார். சோதனைகள் பன்னிரண்டு. அவற்றின் அளவீடுகள் மூத்த மாணவனின் நோட்டிலிருந்து இளைய மாணவனின் நோட்டுக்கு இறங்கிவரும். ஆய்வகத்தில் ஒரு மோட்டார் ஆறு வருடமாக ஓடவில்லை. ஆனால் அதன் அளவீடுகள் வருடா வருடம் வந்துகொண்டேயிருந்தன.

அம்மாவுக்கு இது உறுத்தியது. சனிக்கிழமைகளில் பஸ் பிடித்து, வேலைக்குப் போய்விட்ட பழைய மாணவர்களின் தொழிற்சாலைகளுக்குப் போவாள். எல்லோரிடமும் ஒரே கேள்வி: "லைன் நின்னு போச்சுன்னா முதல்ல யாரக் கூப்பிடுவீங்க?"

ஒருவன் சிரித்துக்கொண்டே சொன்னான். "எங்கள இல்லக்கா. வயசான எலக்ட்ரீசியன் ஒருத்தர் இருக்கார். அவர் பார்ப்பார். நாங்க லேப்டாப்ப வெச்சுக்கிட்டு சுத்தி நிப்போம், கல்யாண வீட்டு போட்டோகிராஃபர் மாதிரி."

அங்கிருந்துதான் போர்டு யோசனை வந்தது. தொழிற்சாலைகள் கழித்துப்போட்ட கன்ட்ரோலர், சென்சார், ரிலே எல்லாவற்றையும் கேட்டு வாங்கி வந்தாள். அவற்றைச் சின்ன மோட்டாரோடு பலகைகளில் பொருத்தி, வயர் இழுத்து, பன்னிரண்டு போர்டு செய்தாள். ஒவ்வொன்றிலும் மூன்று பழுதுகளை வேண்டுமென்றே வைத்தாள். வெளியே வயரின் உறை முழுதாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். சென்சாரின் இரண்டு கம்பிகள் இடம் மாறியிருக்கும். இறுக்கியது போலத் தெரியும் திருகு இறுகியிருக்காது. ஓடுகிற இயந்திரத்தைப் பார்த்து அளவு எழுத ஆள் தேவையில்லை, அதை இயந்திரமே எழுதிக்கொள்கிறது, நின்றதை ஓட்டத்தான் ஆள் தேவை என்பது அவள் கணக்கு.

வீட்டுக் கூடம் முழுக்க வயர் துண்டுகள். அப்பா அவற்றைத் தாண்டித் தாண்டி நடப்பார். "உங்கம்மாவுக்குப் பழுதில்லாத சாமானே பிடிக்காது. அதனாலதான் என்னக் கட்டிக்கிட்டா" என்பார்.

"உங்களத்தான் இன்னும் சரி பண்ண முடியல" என்பாள் அம்மா, பல்லில் வயரைக் கடித்துக்கொண்டே.

ஒரு பருவம், வகுப்பு முடிந்த பிறகு விருப்பமுள்ளவர்கள் வந்து அந்த போர்டுகளில் பழுது தேடினார்கள். அதற்குள் தரச்சான்று குழு கல்லூரியைப் பார்வையிட வருவதாகத் தகவல் வந்தது. காட்டுவதற்குப் புதிதாக ஏதாவது வேண்டும். துறைத்தலைவர் அம்மாவின் போர்டுகளை வெளியே எடுத்து ஒவ்வொன்றாகச் சுவிட்சைப் போட்டார். ஒன்றும் ஓடவில்லை.

அம்மாவிடம் கேட்கவில்லை. வெளியிலிருந்து ஒரு எலக்ட்ரீசியனைக் கூட்டிவந்து இரண்டே நாளில் பன்னிரண்டையும் சரி செய்துவிட்டார். முப்பத்தாறு பழுதுகள். அவற்றை வைக்க அவளுக்கு ஒன்றரை வருடம் ஆகியிருந்தது.

குழு வந்த அன்று எல்லா மோட்டாரும் சுற்றின. குழுவில் ஒருவர் கேட்டார்: "இதுல மாணவர்கள் என்ன செய்வாங்க?"

"பச்சை பட்டனை அழுத்துவாங்க சார்" என்றார் துறைத்தலைவர்.

அம்மா தண்ணீர் பாட்டில் தட்டோடு பக்கத்தில் நின்றிருந்தாள்.

மறுநாள் மெமோ. பன்னிரண்டு போர்டுகளையும் தவறாக வயரிங் செய்து கல்லூரிச் சொத்தை வீணாக்கிய கவனக்குறைவு. அம்மா நான்கு பக்கம் பதில் எழுதினாள். ஒவ்வொரு பழுதும் ஏன் வைக்கப்பட்டது, எந்தத் தொழிற்சாலையில் எந்த இயந்திரம் அதனால் நின்றது என்று வரிசையாக எழுதினாள். அவர் அதன் ஓரத்தில் ஒரே வரி எழுதித் திருப்பி அனுப்பினார்: பழுது பாடத்திட்டத்தில் இல்லை.

அவளைத் தேர்வுப் பிரிவுக்கு மாற்றினார்கள். விடைத்தாள்களில் எண் ஒட்டும் வேலை. இரண்டு முறை மேல்முறையீடு செய்தாள். பதில் இல்லை. மூன்றாம் வருடம் கணையத்தில் கட்டி. ஐந்து மாதம். கடைசி வாரம் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அந்த மெமோவ மட்டும் எடுக்கச் சொல்லுடி. எனக்கு வயரிங் தெரியாதுன்னு ஃபைல்ல இருக்கக்கூடாது."

சரிம்மா என்றேன். எடுக்க வைப்பது மட்டும் போதாது என்று அப்போதே முடிவு செய்திருந்தேன்.

நான் இயந்திரங்கள் செய்யும் ஒரு நிறுவனத்தில் ஆட்டோமேஷன் பராமரிப்புக்குப் பொறுப்பு. கல்லூரிகளுக்குப் போய் ஆள் எடுப்பதில் தொழில்நுட்பத் தேர்வு என் கையில். அந்த வருடம் எழுத்துத் தேர்வை எடுத்துவிட்டேன். அம்மாவின் நோட்டைப் பார்த்து ஆறு போர்டு செய்தேன். ஒரு தடவைக்கு ஆறு பேர், ஆளுக்கு ஒரு போர்டு, மூன்று பழுது, நாற்பது நிமிடம். நான்கு கல்லூரிகளுக்கும் அதே தேர்வு. மற்ற மூன்றிலும் பத்துப் பன்னிரண்டு பேர் தேறினார்கள்.

அம்மாவின் கல்லூரியில் ஐம்பத்தெட்டு பேர் எழுதினார்கள். ஒருவரும் தேறவில்லை.

ஒரு பையன் கையை உயர்த்தினான். "மேடம், இது ஓடல. வேற போர்டு குடுங்க."

இன்னொருவன் எதையும் தொடவேயில்லை. ஓடாத மோட்டாருக்கு 1440 சுற்று என்று தாளில் எழுதி அடிக்கோடும் போட்டிருந்தான்.

அந்த ஐம்பத்தெட்டு பேர் எனக்கு ஒரு கெடுதலும் செய்யவில்லை. முடிவு இப்படித்தான் வரும் என்று தெரிந்தே அந்தக் கல்லூரிக்குப் போனேன். பட்டியலில் சைபர் என்று எழுதும்போது சந்தோஷமாக இருந்தது.

மூன்று வாரத்தில் முதல்வரும் துறைத்தலைவரும் எங்கள் நிறுவனத்துக்கு வந்தார்கள். முதல்வர் புதியவர், அம்மாவை அறியாதவர். துறைத்தலைவருக்கு என் முகம் தெரியாது.

"என்ன மாத்தணும்னு சொல்லுங்க மேடம், மாத்திடுறோம்" என்றார் முதல்வர்.

துறைத்தலைவர் புதிய பாடத்திட்டத்தை நீட்டினார். அட்டையில் ரோபோ படம். உள்ளே அதே பன்னிரண்டு சோதனைகள், தலைப்புகள் மட்டும் மாறியிருந்தன.

"படிக்கிறேன் சார். அதுக்கு முன்னாடி எங்க டெஸ்ட்ட நீங்க ஒரு தடவ பாத்துருங்க. என்ன கேக்குறோம்னு புரியும்."

"நான் தியரி சைடு மேடம்."

"நாப்பது நிமிஷம்தான் சார். இருபத்துநாலு வோல்ட்டுதான், ஷாக் அடிக்காது."

முதல்வர் அவரைப் பார்த்தார். அவரால் மறுக்க முடியவில்லை.

பணிமனை நடுவில் போர்டு. சுற்றிலும் என் டெக்னீஷியன்கள். பச்சை பட்டனை அழுத்தினார். மறுபடி அழுத்தினார். மல்டிமீட்டரை எடுத்தார். கம்பி கரண்ட் அளக்கும் துளையில் செருகியிருந்ததை அவர் கவனிக்கவில்லை. அப்படியே சப்ளைக்குக் குறுக்கே வைத்தார். மீட்டருக்குள் ஃபியூஸ் போனது. அதுவும் அவருக்குத் தெரியாது. அதன் பிறகு எங்கே தொட்டாலும் மீட்டர் பூஜ்யம் காட்டியது.

"ஆஸ்பத்திரில செத்த ஆளுக்கு நாடி பாக்குற மாதிரி இருக்கு" என்று என் பின்னால் ஒருவர் முணுமுணுத்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நிறுத்தவும் சொல்லவில்லை.

முப்பத்தைந்தாவது நிமிடம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "இது வயரிங்கே தப்பு மேடம். டயக்ராம் யார் போட்டது? கொஞ்சங்கூட கவனமே இல்ல."

"எங்கம்மா."

"அவங்க இங்க வேல பாக்குறாங்களா?"

"உங்ககிட்ட பாத்தாங்க. இருபத்தாறு வருஷம்."

அவர் போர்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்த முகம் மாறியதை நான் அவசரப்படாமல் பார்த்தேன். முதல்வர் "யாரு?" என்று கேட்டார். நான் அம்மாவின் நான்கு பக்கப் பதிலை மேசையில் வைத்தேன். "சார் படிப்பார். சத்தமா."

படித்தார். இரண்டாம் பக்கத்தில் நிறுத்தித் தண்ணீர் கேட்டார். கொடுத்தோம். ஓரத்தில் இருந்த தன் கையெழுத்து வரியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தார்.

"அதையும் படிங்க சார்."

அதையும் படித்தார்.

பழுது தேடுவதை வாரம் நான்கு மணி நேரப் பாடமாக வைப்பதாக முதல்வர் அங்கேயே ஒப்புக்கொண்டார். மெமோவையும் ரத்து செய்ய வேண்டும் என்றேன். துறைத்தலைவர் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவங்கதான் இல்லையேம்மா. இப்ப ரத்து பண்ணி யாருக்கு?" என்றார்.

"ஃபைலுக்கு. அப்புறம், நான் உங்களுக்கு அம்மா இல்ல. மேடம்."

முதல் கடிதம் வந்தது: மறுபரிசீலனையின் பேரில் மெமோ திரும்பப் பெறப்படுகிறது. சிவப்பு மையில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினேன். இரண்டாவது: தகவல் பரிமாற்றத்தில் ஏற்பட்ட குறைபாட்டால். வட்டம். மூன்றாவது: மனிதாபிமான அடிப்படையில். அதைக் கிழித்தே அனுப்பினேன். நான்காவது அவர் கையால் எழுதியது: "வயரிங் சரியானது. பழுதுகள் வேண்டுமென்றே வைக்கப்பட்டவை. அதைப் புரிந்துகொள்ளும் அறிவு எனக்கு இருக்கவில்லை." கையெழுத்து, தேதி, முத்திரை.

அதன் நகலை அப்பாவிடம் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார்.

"சரி. அந்தப் புள்ளைங்கள என்ன பண்ணப் போற? ஐம்பத்தெட்டும் உங்கம்மா கையில வளர்ந்திருக்க வேண்டியதுங்க."

இரண்டு நாள் கழித்துக் கல்லூரிக்கு எழுதினேன். பருவ முடிவில் ஐம்பத்தெட்டு பேரும் மறுபடி வரலாம். போர்டுகள் அவையேதான், பழுதுகள் வேறு. கடைசி வரியில் ஒரு நிபந்தனை: துறைத்தலைவரும் வந்து அவர்களோடு தேர்வு எழுத வேண்டும். தேறும்வரை ஒவ்வொரு முறையும்.

முறைக்குக் காத்திருக்க மொத்தம் ஐம்பத்தொன்பது இருக்கைகள் போடச் சொல்லியிருக்கிறேன். அவருடையது முதல் வரிசையில்.